பிடுங்கிய குச்சிகள்

வலது தோளுக்குக் கீழே, முதுகெலும்பை ஒட்டி, ஓர் இடம் காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. பதினேழு வயதிலிருந்து ஐந்து வருஷம் அப்பாவோடு செம்பனைக் குலை வெட்டியதில் வந்த வலி. நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்தபடியே நாளெல்லாம் இழுத்தால் எவனுக்கும் வரும். இப்போது எனக்கு முப்பத்தாறு வயது. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. வலிக்கு அது தெரியவில்லை.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். செம்பனை என்கிற எண்ணெய்ப் பனையை இஷ்டத்துக்கு நட மாட்டார்கள். கயிறு பிடித்து, ஒன்பது மீட்டருக்கு ஒரு குச்சி அடித்து, முக்கோணம் முக்கோணமாகக் கோடு போடுவார்கள். குச்சி நின்ற இடத்தில் குழி, குழியில் கன்று. மூன்று வருஷம் கழித்து மேலிருந்து பார்த்தால் பச்சை நட்சத்திரங்களை அளந்து பரப்பியதுபோல் இருக்கும். கன்று பட்டுப்போய், பன்றி தோண்டி, தண்ணீர் தேங்கி, அங்கங்கே காலியிடம் விழும். செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு எந்தெந்த இடத்தில் மரம் இல்லை என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது எங்கள் கம்பெனி. தோட்டத்தில் அந்தப் பட்டியலை மண் தோண்டும் பேக்கோவில் ஏற்றிவிடுவார்கள். ஓட்டுகிறவன் எதையும் தேட வேண்டாம். திரையில் புள்ளி தெரியும், போய்த் தோண்டுவான். பின்னாலேயே கன்று வரும்.

ராசா டவுனில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் நாங்கள் ஐந்து பேர். முதலாளி சுகுமாறன். ஒரு தோட்டத்தின் படத்தையே தாங்கும் கம்ப்யூட்டர் எங்களிடம் கிடையாது. எங்கேயோ பெரிய கூடங்களில் இருக்கும் இயந்திரங்களை மணிக் கணக்குக்கு வாடகைக்கு எடுப்போம். வெர்ச்சுவல் மிஷின் என்று பெயர். தொட முடியாது. எங்கள் திரையில் ஒரு கறுப்பு ஜன்னலாக மட்டும் தெரியும். அந்தக் காலத்துத் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பேர் படித்து ஆள் கூப்பிடுவதுபோலத்தான்: காலையில் எட்டு இயந்திரத்தைக் கூப்பிடுவேன், படத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒரு பங்கு கொடுப்பேன், முடிந்ததும் போகச் சொல்வேன். வேறு யாராவது அதிகம் கொடுத்தால் பாதி வேலையில் இயந்திரத்தைப் பிடுங்கிக்கொண்டும் போய்விடுவார்கள். அதனால் மலிவு.

அந்த இயந்திரங்களுக்குள் ஓடுவது ஒரு மாடல். லட்சக்கணக்கான மரங்களை நாங்கள் கையால் வட்டம் போட்டுக் காட்டி, இது மரம், இது காலி, இது சாலை, இது வாய்க்கால், இது பாறை என்று படிக்கவைத்தது. அதற்குத் தெரிந்த ஐந்து சாதி அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கெமாஸ் பக்கத்தில் இருக்கும் புக்கிட் செலாசே தோட்டத்தின் பதினாறாம் பீல்டு படத்தை மாடலில் ஓட்டினேன். நான் பிறந்த தோட்டம். எனக்குப் பதினொரு வயதில் லயத்து வீடுகளை இடித்தார்கள், வெளியேறினோம். அப்போது அது பால்மரக் காடு. ரப்பரை ரொம்ப நாள் வைத்திருந்துவிட்டு, நாலு வருஷத்துக்கு முன்தான் செம்பனைக்கு மாற்றினார்கள்.

காலியிடம் இருபத்தேழு என்று வந்தது.

எண் பெரிதில்லை. விழுந்த விதம்தான் உறுத்தியது. காலியிடம் எப்போதும் கூட்டமாக விழும். பன்றி வந்த ஓரத்தில் எட்டு, பள்ளத்தில் பத்து. இங்கே இருபத்தேழும் தனித்தனி. சுற்றி ஆறு மரம் செழிப்பாக நிற்கும், நடுவில் ஒன்று இல்லை. மாடல் பிசகிவிட்டது என்று நினைத்து வேறு தேதிப் படத்தைப் போட்டேன். இருபத்தேழு. மேகத்தையும் துளைத்துப் பார்க்கும் ரேடார் படத்தைச் சேர்த்துப் போட்டேன். பாதியில் இரண்டு இயந்திரங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேறு இரண்டைக் கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து ஓட்டினேன். இருபத்தேழு. அதே இடங்கள், ஒரு மீட்டர் பிசகாமல்.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தக் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றும் கண்ணைத் திறந்து வைத்திருப்பதுபோல் இருந்தது. ஜன்னலைச் சிறியதாக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பெரிதாக்க மனம் வரவில்லை.

"காலின்னா காலிதான்லா, ரவி. அந்த மிஷினைப் போட்டு ஏன் வதைக்கிற?" என்றார் சுகுமாறன்.

"ஒரு வாட்டி நேர்ல பாத்துட்டு வந்துர்றேன், பாஸ்."

"அது உன் எஸ்டேட்டுதானே? என்ன, அம்மா வீட்டுக்குப் போற மாதிரியா?"

"அம்மாவும் இல்ல, வீடும் இல்ல."

அவர் முகம் கொஞ்சம் இறங்கியது. "சரி, போ. வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குப் பட்டியல் போயிரணும். சனிக்கிழமை காலையில பேக்கோ இறங்குது."

புதன்கிழமை காலை பத்தரைக்குப் பதினாறாம் பீல்டில் நின்றேன். என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தவர், வெளி வேலைகளை மேற்பார்க்கும் வெளிக்காட்டுக் கிராணி கணேசமூர்த்தி. வயிறு பெருத்து, ரப்பர் பூட்ஸ் போட்ட மனிதர். என் போன் சொன்ன முதல் புள்ளிக்கு நடந்தோம்.

ஆறு கன்று மரங்கள் வட்டமாக நின்றன. நடுவில் புல். சுற்றிலும் இடுப்பளவு புல்லும் கொடியும் மண்டிக் கிடக்க, இங்கே மட்டும் யாரோ கையால் பிடுங்கி எடுத்ததுபோல் கட்டையாக இருந்தது. மண்ணுக்குள் ஒரு பால் டின்னை வாய்வரை புதைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். அடியில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பத்தரை மணி வெயிலில் கழுத்து வழியாக வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை மட்டும் சில்லென்று இருந்தது.

"பாத்தியா தம்பி? பன்னி இல்ல, கறையான் இல்ல. இங்க குழியே வெட்டல" என்றார் கணேசமூர்த்தி.

"ஏண்ணே வெட்டல?"

"குச்சி இல்லாத இடத்துல எவன் வெட்டுவான்? கோவிட் நேரம். பங்களாதேஷ் ஆளுங்க வர முடியல. குத்தகைக்காரன் கெமாஸ்லருந்து பழைய தோட்டத்துப் பொம்பளைங்களப் புடிச்சாந்து கோடு போட்டான். பஞ்சாலைன்னு ஒரு பொம்பள, அது கேங்கு. குச்சி அடிச்சதும் அதுங்கதான், புடுங்குனதும் அதுங்கதான்."

"எதுக்குப் புடுங்கணும்?"

"பஞ்சாலைட்ட கேட்டேனே. 'அய்யா, கணக்குல பிசகிருச்சு'ன்னு வெத்தலய மென்னுக்கிட்டு சிரிக்குது. இருபத்தேழு வாட்டி பிசகுமா?" பூட்ஸால் மண்ணைத் தட்டப்போனவர் நிறுத்திக்கொண்டார். "நீ போய்க் கேளு. சலாவுதீன் கடையில தட்டு கழுவுது. எனக்குத் தெரிஞ்சா நான் மேனேஜர்ட்ட சொல்லியாகணும். அதான் எனக்குத் தெரியல."

சலாவுதீன் கடை கெமாஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சாலையில். மதியக் கூட்டம் கலைந்திருந்தது. பின்கட்டில் குழாயடியில் ஒரு முக்காலி போட்டு, வலது முட்டியில் துணி சுற்றி, கைலியை வரிந்து கட்டிக்கொண்டு பஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். அறுபதைத் தாண்டிய உடம்பு. கை மட்டும் நிற்காமல் ஓடியது.

"யாரு மவன் நீ?"

"மூணாவது லயத்துத் தனலெட்சுமி மவன், பெரியம்மா. ரவிச்சந்திரன்."

"அட, மூக்க ஒழுக விட்டுக்கிட்டு ஆட்டுக்குட்டி பின்னால ஓடுமே, அது நீயா? சட்டையெல்லாம் இஸ்திரி போட்டிருக்க!"

நான் சுற்றி வளைக்கவில்லை. பதினாறாம் பீல்டில் சனிக்கிழமை பேக்கோ இறங்குகிறது, இருபத்தேழு இடத்தில் தோண்டப் போகிறது, பட்டியல் கொடுக்க வேண்டியவன் நான்தான் என்றேன். குழாயை மூடினாள்.

"இருபத்தேழா? சரியா எண்ணியிருக்கியே. எப்படி எண்ணுன?"

"நான் எண்ணல. மிஷின் எண்ணுச்சு. வானத்துலருந்து எடுத்த படத்த வெச்சு."

"கீழ இருந்த கிராணிமாரு பத்தாதுன்னு வானத்துலயும் ஒருத்தன ஏத்தி விட்டுட்டீங்களா?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அது அங்க என்ன இருக்குன்னு சொல்லலியா?"

"காலின்னு சொல்லுது."

"காலி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு சொன்னாள். எங்கள் தோட்டத்தில் பல் முளைக்காத பிள்ளை செத்தால் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கல் வைப்பதில்லை, பெயர் சொல்வதில்லை. சொன்னால் அடுத்தது தங்காது என்பார்கள். தகப்பன் தூக்கிக்கொண்டு போய், தாய்க்காரி பால் வெட்டுகிற நெரையிலேயே, அவளுக்கு ஒதுக்கிய மர வரிசையிலேயே, ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து எந்த மரம் என்று மட்டும் அவளிடம் சொல்வான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவள் வேலைக்கு இறங்குவாள். அந்த மரத்தைக் கடைசியாக வெட்டுவாள். வெட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து தண்ணீர் குடிப்பாள். மேற்பார்க்கிற மண்டோர் வந்து, "என்னா, பால் சொட்டுறத எண்ணிக்கிட்டு இருக்கியா?" என்று விரட்டுகிற வரைக்கும்.

"நாப்பது வருசமா கிராணி, மண்டோரு, ஒரு பயலுக்கும் தெரியாது. தெரிஞ்சா மரத்து வேரத் தோண்டுனதுக்குக் கூலி புடிப்பானுங்க. பால்மரத்த வெட்டிச் சாச்சதும் எல்லாம் போச்சுன்னு நெனச்சோம். அப்பறந்தான் கோடு போட ஆள் கூப்புட்டான். நாங்க ஒம்பது பேரு. எந்த நெரை, எந்த மரம்னு காலே சொல்லும்டா. புள்ளைங்க எடத்துல விழுந்த குச்சியெல்லாம் புடுங்கிட்டு வந்தோம்."

முன்பக்கம் வந்து சுகுமாறனுக்குப் போன் போட்டேன்.

"கல்லு இருக்கா?" என்றார்.

"இல்ல."

"தோட்டத்து ரெக்கார்டு?"

"இல்ல, பாஸ். அந்த இருபத்தேழையும் பாறைன்னு போட்டுறலாமா?"

"ஆடிட்டர் மண்வெட்டியப் போட்டுப் பாத்தா என்னா சொல்லுவ? அடுத்த மாசம் மாடலும் புல்லப் பாத்தா பாறைன்னு படிச்சுக்கும். நான் சொல்றதக் கேளு. ஒரு சூராட் கொண்டா, எழுத்துல கடுதாசி. தாயோட பேரு, எந்த நெரை. சத்தியப் பிரமாணம் வாங்குற கமிஷனர் முன்னால கைநாட்டு. கடுதாசி இருந்தா தோட்டத்துக்காரனும் பயப்படுவான். இல்லன்னா வெள்ளிக்கிழமை நான் அனுப்பிருவேன்லா. எனக்கு வேற வழி இல்ல."

ஒன்பது பேரில் உயிரோடு இருப்பது நாலு பேர். இரண்டு பேருக்கு நினைவு தப்பிவிட்டது, இதுவரை பதினாறில் புல் பிடுங்கி, பால் ஊற்றிவந்த ஒருத்தி போன வாரம்தான் மகளோடு ஜொகூருக்குப் போய்விட்டாள். பஞ்சாலை சொன்னால் உண்டு. சலாவுதீன் ஒரு மேசையை ஒழித்துக் கொடுத்து, கேட்காமலேயே இரண்டு டீ வைத்துவிட்டுப் போனார். நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

"புள்ளைக்குப் பேரு கேக்கக் கூடாது" என்றாள்.

"வேணாம். ஆத்தா பேரு போதும்."

கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். சாலையிலிருந்து எண்ணினாள், நெரை நெரையாக. அவள் நெரை சொல்லச் சொல்ல, மாடல் போட்ட புள்ளிகளில் ஒவ்வொன்றாகப் பெயரை ஏற்றினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. கறுப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் அஞ்சலை, மாரியாயி, காத்தாயி என்று எழுத்து ஏறியது.

"பன்னெண்டாம் நெரை, தனலெட்சுமி. ஒண்ணு."

"எந்தத் தனலெட்சுமி?"

"எத்தன தனலெட்சுமி இருந்தா? உங்காத்தாதான். உனக்கு மூத்தது. பொட்டப் புள்ள. இருவது நாளு."

அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அவள் வெட்டும்போது பள்ளி விடுமுறைகளில் நான் கூடப் போயிருக்கிறேன். கடைசி மரத்தடியில் உட்கார்ந்து, என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வாள். கால் நீட்ட இடம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புள்ளியைப் பார்த்தேன். முந்தின நாள் அதைப் பிசகு என்று இரண்டு முறை அழிக்கப் பார்த்திருக்கிறேன்.

இருபத்தேழும் முடிந்தது. அச்சடிக்கப் போகலாம் என்று எழுந்தேன். பஞ்சாலை எழுந்திருக்கவில்லை.

"கைநாட்டு வெக்கிறேன். அதுக்கு முன்ன நீ எனக்கு ஒண்ணு பாத்துச் சொல்லணும். இதுல என்னோடது இல்ல. என்னோடது இருவத்திரண்டாம் பீல்டுல. அங்க பதினோரு குச்சி புடுங்குனோம். முட்டி போயி ஒன்ற வருசமாச்சு, ஆறு கட்ட தூரம் நடக்க முடியல. மேலருந்து பாக்குறியே, அது கெடக்கான்னு பாரு. பம்பு வீட்டுலருந்து நாலாவது நெரை, ஒம்பதாவது குச்சி. ஆம்பளப் புள்ள."

போன வருஷத்துப் பட்டியலைத் திறந்தேன்.

இருபத்திரண்டாம் பீல்டைப் போன வருஷம் மார்ச்சில் ஓட்டினேன். பதினொன்று வந்தது. பதினொன்று சின்ன எண். ஒரே ஓட்டம்தான் ஓட்டினேன், இரண்டாவது படம் போட்டுப் பார்க்கவில்லை. பட்டியலை அனுப்பினேன், பேக்கோ போனது. பதினொரு கன்றையும் நட்டு முடித்துத் தோட்டத்திலிருந்து படம் அனுப்பினார்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை என்று சுகுமாறன் எல்லாருக்கும் மீ கோரேங் வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இந்த மாதப் படத்தைத் திறந்தேன். நாலாவது நெரை, ஒன்பதாவது இடம். சின்னப் பச்சை நட்சத்திரம். மரம், எழுபத்தெட்டு விழுக்காடு நிச்சயம்.

"என்னடா, கெடக்கா?"

உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள். போகாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியும் பன்னிரண்டாம் நெரையும்தான்.

வாடகை இயந்திரங்கள் போய்விடும், படங்கள் போகாது. பழைய படம் ஒவ்வொன்றும் தேதி போட்டுக் கிடக்கும். பேக்கோ இறங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முந்தின படத்தை எடுத்தேன். ஆறு மரம், நடுவில் கறுப்புப் புள்ளி. பெரிதாக்கி, லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன்.

அவள் கையைக் கைலியில் துடைத்தாள். இரண்டு தடவை துடைத்தாள். பிறகு விரல் நுனியைத் திரையில் வைத்தாள்.

"இங்கயா?"

"இங்கதான், பெரியம்மா."

"காலியா இருக்கா?"

"காலியா இருக்கு."

விரலை எடுக்கவில்லை. "புல்லு மண்டிப் போயிருக்கும். புடுங்க ஆளில்ல" என்றாள். "தீவாளிக்கு முந்துன நாளு உன் காடியில கூட்டிட்டுப் போறியா? ஒரு டின்னு பால் ஊத்திட்டு வந்துருவேன். ரொம்ப நேரம் இருக்க மாட்டேன்" என்றாள்.

"கூட்டிட்டுப் போறேன்."

கமிஷனர் ஆபீஸ் நாலு கடை தள்ளி, மாடியில். படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், வலிக்கிற அந்தத் தோளையே. அவர் மலாயில் படித்துக் காட்டினார். தெரிந்து, மனமொப்பிச் சொல்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்று பெருவிரலை மையில் ஒற்றி, அழுத்தமாக வைத்தாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கியிருந்ததால் மூன்று தடவை வைக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்குப் பட்டியல் போனது. இருபத்தேழு இடத்துக்கும் எதிரில் 'தோண்டக் கூடாது' என்று இருந்தது, கடிதமும் கூடவே போனது. சனிக்கிழமை மத்தியானம் கணேசமூர்த்தி குரல்பதிவு அனுப்பியிருந்தார்: "மேனேஜர் கத்துனாரு. அப்பறம் கடுதாசியப் படிச்சாரு. பேக்கோவ வேற பீல்டுக்கு அனுப்பிட்டாரு. நீ கெட்டிக்காரன், தம்பி."

என் அக்காவின் இடத்தை யாரும் தொடவில்லை. பன்னிரண்டாம் நெரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு டின் பாலும் ஊற்றினேன்.

இருபத்திரண்டாம் பீல்டுக்குப் போகவில்லை. போகாவிட்டாலும் அது வருகிறது. தோட்டத்தோடு ஒப்பந்தம், மாதம் ஒருமுறை எல்லா பீல்டையும் எண்ண வேண்டும். காலையில் எட்டு இயந்திரங்கள் வந்து நிற்கின்றன, பங்கை வாங்கிக்கொள்கின்றன, எண்ணிச் சொல்லிவிட்டுப் போகின்றன. நாலாவது நெரை, ஒன்பதாவது இடம். எழுபத்தெட்டு விழுக்காடு எண்பத்து மூன்றானது. இந்த மாதம் எண்பத்தொன்பது. கன்று நன்றாகப் பிடித்துவிட்டது. அடுத்த வருஷம் மாடலுக்குச் சந்தேகமே இருக்காது.

பஞ்சாலை சலாவுதீன் போனிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். முதல் தடவை எடுத்துப் பேசினேன். முட்டி பரவாயில்லை, வண்டியில் ஏற முடியும் என்றாள். இரண்டாவது தடவை எடுக்கவில்லை. தீபாவளிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.

பம்பு வீட்டிலிருந்து நாலாவது நெரை, ஒன்பதாவது குச்சி. உங்கள் பிள்ளை கிடந்த இடத்தைத் தோண்டச் சொல்லிப் பட்டியல் கொடுத்தவன் நான்தான், பெரியம்மா. இதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல நான் கடன்பட்டிருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.